வாரியெலும்பு மெதுவாக வேகும் விதம்: வீட்டுக் கிரில்லில் ரிப்ஸ் சுடுவோருக்கு ஓர் அறிமுகம்

ஆட்டுக்கால் சூப்பைக் குடித்து முடித்தபின் மேலுதடும் கீழுதடும் லேசாக ஒட்டிக்கொள்வதை நம்மில் பலர் உணர்ந்திருப்போம். மிச்சமிருக்கும் சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் அது கட்டியாக உறைந்து, கிண்ணத்தை அசைக்கும்போது தானும் சேர்ந்து குலுங்கும். அந்த ஒட்டும் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், பார்பிக்யூ ரிப்ஸ் என்று அமெரிக்கர்கள் அழைக்கும் வாரியெலும்புச் சுடுகறி, அதாவது விலா எலும்புச் சுடுகறி, ஏன் ஐந்து மணி நேரம் கேட்கிறது என்பதும், அவசரப்பட்டால் ஏன் பல்லுக்கு அசையாமல் நிற்கிறது என்பதும் தெளிவாகிவிடும்.

இறைச்சி என்று நாம் சொல்வது ஒரே பொருளன்று. நீளமான தசைநார்கள் அதில் ஒரு பங்கு. அந்த நார்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து எலும்போடு பிணைத்திருக்கும் கொலாஜன் என்னும் புரதம் மற்றொரு பங்கு. விலங்கு எந்த உறுப்பை ஓயாமல் அசைக்கிறதோ, அந்த உறுப்பில் இந்தப் பிணைப்பும் உறுதியாக இருக்கும். கால் உடலைத் தாங்கி நடக்கிறது. விலாப் பகுதியோ ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்குகிறது. ஆகவே இந்த இரண்டையும், ஈரலை வதக்குவதுபோல நான்கு புரட்டுப் புரட்டி எடுத்துவிட முடியாது.

இனி வெப்பம் ஏறும்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். (இந்தக் கட்டுரையில் வரும் டிகிரிகள் எல்லாம் செல்சியஸ் அளவு.) இறைச்சியின் உள்வெப்பம் 50 டிகிரியை நெருங்கும்போதே தசைநார்கள் சுருங்கத் தொடங்குகின்றன. 60 டிகிரியைத் தாண்டியதும் கொலாஜனும் சுருங்கி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல, நார்களுக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. 70 டிகிரிக்கு மேல்தான் அதே கொலாஜன் மெல்லக் கரைந்து, சூப்பில் உதட்டை ஒட்டவைத்த ஜெலட்டினாக மாறுகிறது. 80க்கும் 95க்கும் இடையில் அந்த மாற்றம் விரைவடைகிறது. பிழிந்துபோன நீருக்கு ஈடாக இந்த ஜெலட்டின் நார்களுக்கிடையே பரவி நிற்பதால்தான், முழுமையாக வெந்த வாரியெலும்பு வாயில் ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கிறது.

பழகாதவர்களைத் தடுமாறவைக்கும் இடமும் இதுவே. அமெரிக்க வேளாண்மைத் துறை, முழுத்துண்டாக வேகும் பன்றி இறைச்சியின் உள்வெப்பம் 63 டிகிரியை எட்டி, பிறகு மூன்று நிமிடம் ஆறினால் அது உண்பதற்குப் பாதுகாப்பானது என்கிறது. அந்த அளவில் எடுத்த வாரியெலும்பு நோய்க்கு அஞ்சாமல் உண்ணத்தக்கதுதான். ஆனால் மெல்ல முடியாது. 75 டிகிரியில் எடுத்தாலும் ஏறக்குறைய அதே நிலைதான். "வெந்துவிட்டது" என்பதும் "பதமாகிவிட்டது" என்பதும் இங்கே இரண்டு வெவ்வேறு கட்டங்கள். அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று மணி நேரம் கிடக்கிறது. கடினமாக இருக்கிறதே, கூடுதலாக வெந்துவிட்டதோ என்று பயந்து இறக்கிவிடுகிறவர்கள், உண்மையில் போதிய அளவு வேகவிடாமல்தான் இறக்குகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற வட்டக் கிரில்லில், தணலை நிரப்பி, நேரே அதன்மேல் வாரியெலும்பைக் கிடத்தி, முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்தேன். வெளியே கரி, உள்ளே இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்கும் சதை. எங்கள் குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு மேற்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் தோட்டம்தான். அதைத் தட்டிலும் பரிமாறத் தேவையில்லை என்று வீட்டில் ஒரு சொல் விழுந்தது.

பலகையை முழுதாக வாங்குதல்

வாரியெலும்பு என்னும் சொல் எங்கள் பக்கத்தில் அன்றாடம் புழங்குவது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் அதுவே வாரியெல்லு ஆகிவிடும். சொல் மாறினாலும் கடைக்காரரின் கை மாறுவதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறைச்சிக் கடை என்றால் மரக்கட்டை, வெட்டுக்கத்தி, குழம்புக்கு ஏற்ற சிறு துண்டுகள். ஞாயிறு காலை பாறசாலைப் பக்கத்தில் நான் வழக்கமாகச் செல்லும் கடையில் முதன்முதலில் நடந்த உரையாடல் இன்றும் நினைவிருக்கிறது.

"கொத்தட்டுமா சாரே?"

"வேண்டாம் சேட்டா, அப்படியே முழுசா தாங்க."

அவர் கத்தியை ஓங்கிய நிலையிலேயே நிறுத்தி, "முழுசா எப்படி வேகும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. குழம்புக்கு அது வேகாது. கிரில்லுக்கு, எலும்புகள் வரிசையாகப் பிரியாமல் சேர்ந்திருக்கும் முழுப்பலகை கட்டாயம். துண்டாக்கிவிட்டால் நாலாபுறமும் வெட்டுவாய் திறந்து ஈரம் வெளியேறும், அதன்பின் ஐந்து மணி நேரத் தீயை அந்தத் துண்டுகள் தாங்கா. ஆகவே முந்தைய நாளே கடையில் சொல்லிவைப்பது நல்லது.

பன்றியின் உடலிலிருந்து இரண்டு வகைப் பலகைகள் கிடைக்கும். முதுகுத்தண்டை ஒட்டிய மேல்பகுதி எலும்புகள் குட்டையாகவும் நன்றாக வளைந்தும் இருக்கும். அமெரிக்காவில் இதை பேபி பேக் என்கிறார்கள். பெயரைப் பார்த்துக் குட்டிப் பன்றியினுடையது என்று எண்ண வேண்டாம். அளவில் சிறியது என்பதே பொருள். அதற்குக் கீழே, வயிற்றுப் பக்கம் இறங்கும் எலும்புகள் தட்டையாகவும் நீளமாகவும் கொழுப்பு மிகுந்தும் இருக்கும். இது ஸ்பேர் ரிப்ஸ். அதன் அடியோரத்தில் இருக்கும் நெஞ்செலும்பையும் குருத்தெலும்பையும் நீக்கிச் செவ்வகமாகத் திருத்தினால் அதற்கு செயின்ட் லூயிஸ் வெட்டு என்று பெயர். முதல்முறை செய்பவர்களுக்கு நான் இந்த இரண்டாவது வகையையே பரிந்துரைப்பேன். விலை குறைவு என்பதற்காக அன்று. அதிலுள்ள கொழுப்பு, தீயைக் கையாள்வதில் நாம் செய்யும் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பலகையின் எலும்புப் பக்கத்தை மேலாகத் திருப்பிப் பார்த்தால், மெல்லிய பளபளப்பான சவ்வு ஒன்று எல்லா எலும்புகளையும் மூடியிருக்கும். எவ்வளவு நேரம் சுட்டாலும் அது கரைந்து குழையாது; காய்ந்து, காகிதம்போல் பல்லில் மாட்டும். உப்பும் புகையும் அந்தப் பக்கமாக உள்ளே செல்வதையும் தடுக்கும். நடு எலும்பு ஒன்றின்மேல் தேக்கரண்டியின் காம்பை எலும்புக்கும் சவ்வுக்கும் இடையே நுழைத்து மெல்ல நெம்பினால் ஓர் ஓரம் கிளம்பும். விரலால் பிடித்தால் வழுக்கும். டிஷ்யூத் தாளாலோ உலர்ந்த துணியாலோ பற்றி நிதானமாக இழுத்தால், பலாச்சுளையின் கொட்டையை மூடிய தோல் உரிவதுபோல், நீளமாக உரிந்து வரும். சில நாள் ஒரே இழுப்பில் வந்துவிடும். சில நாள் நான்கு துண்டாகக் கிழிந்து பொறுமையைச் சோதிக்கும்.

உப்பும் மசாலாவும்

ஒன்றரைக் கிலோ பலகைக்கு 15 கிராம் உப்பு, அதாவது இரண்டரைத் தேக்கரண்டி பொடியுப்பு போதும். முந்தைய இரவே தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். உப்பு முதலில் ஈரத்தை வெளியே இழுக்கும். பிறகு அந்த ஈரத்தில் கரைந்து மீண்டும் உள்ளே இறங்கும். காலையில் மேற்பரப்பு உலர்ந்திருக்கும். உலர்ந்த பரப்பில்தான் நல்ல பொருக்கு பிடிக்கும்.

மசாலாவில் உப்பு ஒன்றுதான் இப்படி ஆழமாகச் செல்லக்கூடியது. மற்றவை எல்லாம் மேற்பரப்பின் அலங்காரம் என்று சொன்னால் நம்மூர்ச் சமையற்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் உண்மை அதுதான். நல்லமிளகைக் கரகரப்பாகப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி, நிறத்துக்கும் மிதமான காரத்துக்கும் காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி, பூண்டுப்பொடி ஒரு தேக்கரண்டி, சீவிய கருப்பட்டி இரண்டு மேசைக்கரண்டி. இவை நான் பயன்படுத்தும் அளவுகள். அமெரிக்கர்கள் பழுப்புச் சர்க்கரை போடும் இடத்தில் கருப்பட்டி பொருந்துவது வியப்புக்குரியதன்று. இரண்டிலும் சுத்திகரிப்பில் போய்விடாத கருஞ்சாற்றின் சுவை உண்டு. கருப்பட்டியில் அதன்மேல் பனஞ்சாறு காய்ந்த அடுப்பின் வாசமும் சேர்ந்திருக்கும். பச்சை இஞ்சிபூண்டு விழுது இங்கே வேண்டாம்; ஈரமாக ஒட்டியிருந்து, இறைச்சி பதமாவதற்குள் தீய்ந்து கசக்கும்.

பப்பாளிக்காயை அரைத்துப் பூசினால் இறைச்சி மெத்தென்று ஆகும் என்பது எங்கள் வீடுகளில் வழிவழியாக வரும் அறிவு. அதிலுள்ள பப்பெயின் என்னும் நொதி புரதத்தை உடைப்பது உண்மையே. எனினும் அது தொட்ட பரப்பில் மட்டும் வேலை செய்யும். எலும்பை ஒட்டிய கொலாஜனை எட்டாது. மெதுவாகச் சூடேறும் கிரில்லில் அதற்கு நீண்ட நேரம் கிடைப்பதால், மேல்பகுதி மாவாகக் குழைந்தும் உட்பகுதி பழையபடி இறுகியும் நிற்கும். விரைவாகச் சுடும் துண்டுக்கறிக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

தீ ஒரு பக்கம், இறைச்சி மறு பக்கம்

பார்பிக்யூ என்னும் சொல், கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் குச்சிகளால் கட்டிய பரணுக்கு வழங்கிய பெயரிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. இறைச்சி உயரத்தில் இருக்கும், தீ கீழே தணிந்து எரியும்; புகையும் மிதமான வெப்பமும் மட்டும் மேலே சென்று சேரும். நாம் கம்பியில் குத்தித் தணலில் வாட்டுவது வேறு கலை. அங்கே தீயின் கதிர்வீச்சு நேரே இறைச்சியைத் தாக்குகிறது. பரப்பின் வெப்பம் 200 டிகிரியை எளிதில் கடந்துவிடுகிறது. இங்கோ மூடிய கூட்டுக்குள் சுழலும் 107 முதல் 120 டிகிரி வரையிலான சூடான காற்றுதான் சமைக்கிறது.

ஆகவே மூடி இன்றியமையாதது. 1952இல் சிகாகோ பக்கத்தில், வெபர் பிரதர்ஸ் என்னும் உலோகப் பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், அங்கே தயாரான நீர்மிதவையின் உருண்டை வடிவத்தைக் கொண்டு ஒரு கிரில்லை அமைத்தார். கீழ்ப்பாதி அடுப்பு, மேல்பாதி மூடி, இரண்டிலும் காற்றுத்துளைகள். இன்று உலகெங்கும் காணப்படும் வட்டக் கிரில் அதன் வழிவந்ததே. அது கையில் இல்லாதவர்கள் வெல்டிங் பட்டறையில் டிரம்மை நெடுக்காக அறுத்துக் கீல் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த டிரம் சமையல் எண்ணெய் போன்ற உணவுப்பொருள் வந்ததாக இருக்க வேண்டும். துத்தநாகம் பூசியதாக இருக்கக் கூடாது, ஏனெனில் அந்தப் பூச்சு கடும் சூட்டில் நச்சுப்புகை கக்கும். உள்ளே பெயின்ட் இருந்தால் முதலில் வெறும் விறகை எரித்து அதை முழுவதும் போக்கிய பிறகே சமைக்க வேண்டும்.

எரிபொருளைப் பொறுத்தவரை எங்கள் மாவட்டத்துக்குக் கொடுப்பினை உண்டு. சிரட்டைக்கரி நீண்ட நேரம் நின்று எரியும்; சாம்பலும் குறைவு. கரியாக்காத வெறும் சிரட்டையை அடுப்பில் போட்டால் தழல் எழுந்து கரும்புகை கக்கும் என்பதால், அதைப் பற்றவைக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கிரில்லின் ஒரு பக்க ஓரத்தில் பற்றவைக்காத கரியைக் குவித்து, அதன்மேல் நன்றாகக் கனன்ற எட்டுப் பத்துத் துண்டுகளை மட்டும் வைக்கவும். தீ மேலிருந்து கீழாக, ஒவ்வொரு துண்டாகப் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் செல்லும். மொத்தக் கரியையும் ஒரே நேரத்தில் கனியவைத்தால் முதல் ஒரு மணி நேரம் உலைக்களம், அடுத்த மணி நேரம் சாம்பல். மறுபக்கத்தில், இறைச்சி வரவேண்டிய இடத்துக்கு நேர்கீழே, வெந்நீர் ஊற்றிய தட்டம் ஒன்றை வைத்துவிட்டால் அது சொட்டும் கொழுப்பை ஏந்தும். வெப்பம் திடீரென ஏறி இறங்குவதையும் தணிக்கும்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது அடித்துளைகள். மேல்துளையைத் திறந்தே வைத்து, அடித்துளையைக் கால்பங்கு, அரைப்பங்கு என்று நகர்த்தினால் தீ உள்ளிழுக்கும் காற்று கூடிக் குறையும். நகர்த்திய பலன் தெரிவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடமாகும். அதுவரை பொறுக்காமல் மீண்டும் மீண்டும் திருகுகிறவர், வெந்நீர்க் குழாயை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே குளிப்பவரைப் போல, ஒருபோதும் சரியான சூட்டை அடையமாட்டார். மூடியில் பதித்திருக்கும் மானி கூட்டின் உச்சியில் இருப்பதால், அது காட்டும் அளவும் இறைச்சி படும் அளவும் ஒன்றல்ல. கம்பி நுனியுள்ள தனி வெப்பமானி ஒன்றைக் கம்பித்தட்டியின்மேல், இறைச்சிக்கு அருகில் வைப்பதே நம்பகமானது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு ஆனி, ஆடி மாதங்களில் காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று அடித்துளைக்குள் புகுந்து, கரியை ஊதுலைபோல் கனலவைக்கும். துளையைக் காற்று வரும் திசைக்கு மறுபுறமாகத் திருப்பி, ஒரு தகரத் தடுப்பும் வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கே எங்கள் பக்கமோ அதே மாதங்களில் மழை. மழைக்குப் பயந்து கிரில்லை வீட்டுக்குள்ளோ மூடிய கார் ஷெட்டுக்குள்ளோ கொண்டுசெல்வது உயிருக்கே ஆபத்து. எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமோ மணமோ இல்லாததால் மயங்கி விழும்வரை தெரியாது. நான்கு பக்கமும் திறந்த கூரையின்கீழ் வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் அன்றைக்குக் குழம்புதான்.

புகைக்காகக் கரியின்மேல் இரண்டு மூன்று துண்டு உலர்ந்த விறகை வைக்கலாம். கொய்யா, மா, புளி ஆகியவை நல்ல மணம் தரும். பிசின் வடியும் மரங்களும், பெட்டிப் பலகைகளும், பூச்சிமருந்து ஏற்றிய ரப்பர் பலகைத் துண்டுகளும் கூடவே கூடா. வேலியோரத்தில் கிடைக்கிறதே என்று அரளிக் கொம்பை ஒருபோதும் ஒடிக்க வேண்டாம், அது நஞ்சு. துளையிலிருந்து வரும் புகை மெல்லியதாக, நீலம் கலந்து, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிவதாக இருக்க வேண்டும். அடர்ந்த வெண்புகை வந்தால் விறகு திணறுகிறது என்று பொருள். அதில் சுட்ட இறைச்சி நாக்கில் கசக்கும்.

நடுவில் நின்றுபோகும் கடிகாரம்

பகல் ஒரு மணிச் சாப்பாட்டுக்குக் காலை ஆறரைக்குத் தீ மூட்டி, ஏழு மணிக்குப் பலகையை எலும்புப் பக்கம் கீழாக வைத்து மூடிவிடுவேன். முதல் மூன்று மணி நேரத்தில் நாம் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. செய்யக் கூடாததுதான் ஒன்று உண்டு: மூடியைத் திறப்பது. திறந்தால் சேர்த்துவைத்த சூடு போய்விடும். அதே சமயம் தீக்குக் காற்று கிடைத்து அது தேவைக்குமேல் வளரும். ஒருமுறை விருந்துக்கு வந்திருந்த மாமா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கி, "மக்களே, இன்னும் வேகலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான் நடந்தது. பெரியவரிடம் மூடியைத் தொடாதீர்கள் என்று சொல்வது எப்படி என்பதற்கு இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை. இப்போதெல்லாம் அவருக்கு மரச்சீனிக்கிழங்கு உரிக்கும் வேலையைக் கொடுத்துவிடுகிறோம்.

உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ வந்ததும், ஏறிக்கொண்டிருந்த அளவு அப்படியே நின்றுவிடும். அரை மணி, ஒரு மணி என்று காத்திருந்தும் நகராது. தீ அணைந்துவிட்டதா, மானி கெட்டுவிட்டதா என்ற கலக்கம் யாருக்கும் வரும். காரணம் எளிது. மண்பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது பானைக்குள் இருக்கும் தண்ணீர் குளிர்கிறதே, அதுவே இங்கும் நடக்கிறது. இறைச்சியின் பரப்பில் ஊறும் ஈரம் ஆவியாகி, தீ கொடுக்கும் சூட்டை அப்படியே எடுத்துச் சென்றுவிடுகிறது. பரப்பு உலர உலர அளவு மீண்டும் ஏறத் தொடங்கும்.

இந்தத் தேக்கத்தைக் கடக்க அலுமினியத் தாளில் சுற்றுவது ஒரு வழி. ஈரம் ஆவியாகிப் பறக்க இடமில்லாதபோது குளிர்ச்சியும் இல்லை. உள்வெப்பம் விரைந்து ஏறும். ஆனால் மேற்பரப்பு கருஞ்சிவப்பாகி, நகத்தால் சுரண்டினாலும் மசாலா பெயராத நிலை வந்த பிறகே சுற்ற வேண்டும். முன்பே சுற்றிவிட்டால் பொருக்கு பிடிக்காமல் அவித்த கறியாகிவிடும். சுற்றும்போது உள்ளே இரண்டு மேசைக்கரண்டி இளநீரோ, நீர் கலந்த தென்னங்கள் வினிகரோ தெளிக்கலாம். மூன்று மணி நேரம் திறந்தும், இரண்டு மணி நேரம் சுற்றியும், ஒரு மணி நேரம் மறுபடி திறந்தும் வைக்கும் 3-2-1 என்னும் கணக்கை அமெரிக்க வீட்டுச் சமையற்காரர்கள் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். அது அவர்களுடைய பெரிய ஸ்பேர் ரிப்ஸ் பலகைக்கு வகுத்த கணக்கு. நமக்குக் கிடைக்கும் சிறிய பலகையில் அதை அப்படியே செய்தால் எலும்பு தனி, கூழ் தனி. சுற்றிவைக்கும் நேரத்தை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் நிறுத்தி, பிறகு பதம் பார்த்துச் செல்வதே என் வழக்கம்.

பதம் பார்க்க மூன்று வழிகள் உண்டு. இடுக்கியால் பலகையை ஓர் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் பற்றித் தூக்கினால், மறுமுனை வாழையிலை மடிவதுபோல் வளைந்து தொங்கி, மேற்பரப்பில் சிறு விரிசல் விட வேண்டும். விறைப்பாக நின்றால் நேரமாகவில்லை. இரண்டாக அறுந்து விழுந்தால் நேரம் கடந்துவிட்டது. இரண்டாவது, எலும்புகளுக்கு இடையே ஈர்க்குச்சியைச் செருகிப் பார்ப்பது. நன்றாகப் பழுத்த பழத்தில் இறங்குவதுபோல் தடையில்லாமல் இறங்க வேண்டும். மூன்றாவது வெப்பமானி, 90 முதல் 95 டிகிரி வரை நல்ல அறிகுறி, ஆயினும் எலும்பில் நுனி பட்டால் அளவு தவறும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒடுங்கிய முனை முன்னதாகவும் தடித்த நடுப்பகுதி பின்னதாகவும் பதமாவதால், மூன்று நான்கு இடங்களில் ஈர்க்குச்சி இறங்கியே ஆக வேண்டும்.

எலும்பைத் தொட்டதும் சதை கழன்று விழுவதுதான் சிறப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் போட்டிகளில் நடுவர்கள் அதை அதிகம் வெந்ததாகவே கருதுகிறார்கள். கடித்த இடத்தில் மட்டும் சதை சுத்தமாகப் பிரிந்து, பல் பதிந்த வடிவம் மிச்சத்தில் தெரிய வேண்டும் என்பது அவர்கள் அளவுகோல். வீட்டில் எது வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். பல்லில்லாத பாட்டிக்கு இன்னும் இருபது நிமிடம் கூடுதலாகச் சுற்றிவைத்த துண்டே சிறந்தது.

குக்கரில் நான்கு விசில் விட்டுப் பிறகு தணலில் வாட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி. அதிலும் கொலாஜன் கரையும், அதுவும் அரை மணிக்குள். ஆனால் கரைந்த ஜெலட்டினில் பெரும்பங்கு நீரோடு போய்விடும். புகையும் பொருக்கும் பெயரளவுக்கே கிடைக்கும். அந்த நீரைக் குழம்பாக்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அது குறையாகாது. அதை வேறொரு நல்ல உணவு என்று சொல்வேன். இதற்குக் குறுக்குவழி என்று சொல்லமாட்டேன்.

பன்றி உண்ணாதவர்களுக்கு ஆட்டு விலா இருக்கிறது. சதை மெல்லியது, கொழுப்பு குறைவு. ஆகையால் இரண்டு மணி நேரத்திலேயே சுற்றிவிட்டு, மூன்றரை மணி நேரத்துக்குள் பதம் பார்க்கத் தொடங்க வேண்டும். இள ஆடாக இருந்தால் இன்னும் முன்னதாகவே. மாட்டு விலா இதற்கு நேர்மாறு. எலும்பின்மேல் தடித்த சதை அடுக்கு இருப்பதால் ஆறு முதல் எட்டு மணி நேரம் கேட்கும், உள்வெப்பமும் 95க்கு மேல் செல்ல வேண்டியிருக்கும்.

சாஸ் பூசுவது கடைசி இருபது நிமிடத்தில்தான். முன்னதாகப் பூசினால் அதிலுள்ள இனிப்பு தீய்ந்துவிடும். கான்சாஸ் சிட்டியில் தக்காளியும் கரும்பின் கருஞ்சாறும் சேர்ந்த கெட்டியான சாஸ்; மெம்ஃபிஸில் சாஸே இல்லாமல் உலர்ந்த மசாலாவோடு பரிமாறும் வழக்கமும் உண்டு. நான் புளிக்கரைசலில் கருப்பட்டியையும் வற்றல் மிளகாய் விழுதையும் சேர்த்து, கரண்டியின் பின்புறத்தில் ஒட்டும் அளவுக்குக் காய்ச்சி, இரண்டு முறை மெல்லியதாகப் பூசுகிறேன். முதல் பூச்சு உலர்ந்து பளபளத்த பிறகே இரண்டாவது.

இறக்கியதும் கால் மணி நேரம் ஆறவிட்டு, எலும்புப் பக்கத்தை மேலாகத் திருப்பி வெட்ட வேண்டும். அப்போதுதான் எலும்புகள் எங்கே சாய்ந்திருக்கின்றன என்று தெரியும், கத்தியும் தடுமாறாது. வெட்டிய சதையில் ஓரமாக ஓர் இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால் வேகவில்லை என்று அஞ்ச வேண்டாம். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் சதையின் நிறப்புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்கவைக்கின்றன. 90 டிகிரியைத் தாண்டிய இறைச்சியில் நாடாப்புழுவின் இளம்புழுக் கூடுகள் உயிரோடு இருக்க வழியில்லை. பச்சை இறைச்சி பட்ட கத்தியையும் வெட்டுப்பலகையையும் கழுவாமல் வெந்த இறைச்சிக்கு எடுத்துவிடாமல் இருந்தால் போதும்.

மரச்சீனியை வேகவைத்து, தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் கரகரப்பாக அரைத்துச் சேர்த்து மசித்த மசியலே எங்கள் வீட்டில் இதற்குத் துணை. அலுமினியத் தாளில் தேங்கி நிற்கும் சாற்றை மட்டும் யாரும் கொட்டிவிடாதபடி பார்த்துக்கொள்கிறேன். அதைக் கிண்ணத்தில் வடித்து ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் காலையில் மேலே வெண்மையான கொழுப்பும், அதன்கீழே தேன்நிறத்தில் குலுங்கும் கட்டியும் இருக்கும். கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, அந்தக் கட்டியில் இரண்டு கரண்டியை மிச்சமான மசியலோடு சேர்த்துச் சூடாக்கினால் காலைப் பசிக்குச் சரியாக இருக்கும்.